மார்க்கருக்கு எந்தக் காற்று, யார் கையில் சர்வீஸ்?

சாய உருண்டையை ஒருவர்மேல் ஒருவர் சுட்டு ஆடும் பெயிண்ட்பாலுக்கு மார்க்கர், அதாவது சுடும் துப்பாக்கி, வாங்க நினைப்பவர்கள் மாதக்கணக்கில் மார்க்கரைப் பற்றியே படிப்பார்கள். பேரல் நீளம், டிரிகர், எடை எல்லாம் மனப்பாடமாக இருக்கும். உருண்டையைத் தள்ளும் காற்றை அடைத்து மார்க்கரில் மாட்டும் டாங்க் மட்டும் கடைசி நாளில், கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும் சாமானாகிவிடும். இதை அப்படியே திருப்பிப் போட்டுச் செய்யுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். உங்களுக்குக் காற்று அடைத்துத் தருபவர் யார், கசிந்தால் பிரித்துப் பார்ப்பவர் யார் என்ற இரண்டையும் முதலில் விசாரித்து வையுங்கள். அதற்கு ஏற்ற டாங்க், அந்த டாங்க்குக்கு ஏற்ற மார்க்கர் என்று வரிசையாகப் போனால், நல்ல மார்க்கரை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாள் வராது.

இருப்பது இரண்டு வழி. ஒன்று, சிஓ2 என்று சுருக்கமாகச் சொல்லும் கார்பன் டை ஆக்சைடு. இன்னொன்று, ஹெச்பிஏ எனப்படும் உயரழுத்தக் காற்று. நாம் சுவாசிக்கும் அதே காற்றைக் கம்ப்ரசரில் இறுக்கி அடைப்பதுதான் அது.

இந்த ஆட்டம் பிறந்ததே சிஓ2-வில்தான். 1981 ஜூன் மாதம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹென்னிக்கர் என்ற ஊரை ஒட்டிய காட்டில் 12 பேர் முதல் ஆட்டத்தை ஆடினார்கள். அவர்கள் கையில் இருந்த நெல்ஸ்பாட் 007, காட்டில் மரங்களுக்கு அடையாளம் போடுவதற்காக வந்த கருவி. 12 கிராம் சிஓ2 குப்பியில் ஓடியது. மார்க்கர் என்ற பெயரிலேயே அந்தப் பழைய வேலை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிஓ2-வின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. டாங்க்குக்குள் அது திரவமாக இருக்கிறது. திரவம் என்பதால் சின்ன டாங்க்கில் நிறையக் கொள்ளும். ஆனால் அதன் அழுத்தத்தை முடிவு செய்வது நீங்களோ டாங்க்கோ கிடையாது, வெப்பநிலை. 21 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 850 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) இருக்கும். 0 டிகிரிக்கு இறங்கினால் 500 பக்கம் வந்துவிடும். 31 டிகிரியைத் தாண்டினால் அது திரவமாகவே இருக்க முடியாது. நிறைய அடைத்திருந்தால் அதற்கு மேல் அழுத்தம் வேகமாக ஏறும்.

இது ஆட்டத்தில் எப்படித் தெரியும்? காலைக் குளிரில் வேகமானியில் சுட்டுப் பார்த்து, வினாடிக்கு 280 அடிக்குச் சரி செய்துவிட்டு இறங்குகிறீர்கள். மதியம் வெயில் ஏறியதும் அதே மார்க்கர் 300-ஐத் தாண்டிச் சுடும். மூன்று கிராம் எடையுள்ள 0.68 அங்குல உருண்டை 300 அடி வேகத்தில் போகும்போது அதில் சுமார் 12.5 ஜூல் ஆற்றல் இருக்கிறது. முகக்கவசமும் ஆட்ட விதிகளும் அந்த வேகத்தை உச்சவரம்பாகக் கொண்டே அமைந்தவை. ஆகவே சிஓ2 வைத்திருப்பவர் ஒரு நாளில் ஒருமுறை வேகம் பார்த்தால் போதாது, வெயில் மாறும்போதெல்லாம் பார்க்க வேண்டும். எதிரே நிற்பவரின் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதில் சலுகையே இல்லை.

விறுவிறுவென்று சுட்டால் நேர்மாறாக நடக்கும். ஒவ்வொரு முறையும் திரவம் கொதித்து வாயுவாகிறது. அதற்கான வெப்பத்தை டாங்க்கிலிருந்தே உறிஞ்சுகிறது. டாங்க் சில்லிட்டு மேலே பனி படியும், அழுத்தம் இறங்கும், கடைசி உருண்டைகள் பாதி தூரத்திலேயே விழும். மார்க்கரின் மூக்கைக் கீழே சாய்த்தால் இன்னொரு தொல்லை. டாங்க் மேலே தூக்கி நிற்பதால் திரவமே வால்வுக்குள் பாய்ந்து, பேரலிலிருந்து வெள்ளைப் புகையாக வரும். அந்தக் குளிர், காற்று கசியாமல் அடைக்கும் வளையங்களான ஓ-ரிங்குகளை விறைக்க வைக்கிறது. இதைத் தவிர்க்க டாங்க்குக்குள் ஒரு வளைந்த குழாயைப் பொருத்துவார்கள், ஆன்டி-சைஃபன் என்று பெயர். டாங்க்கை மார்க்கரில் முழுக்க முறுக்கிய பிறகு அந்த வளைவு மேல்நோக்கி இருக்க வேண்டும். அதே டாங்க்கை வேறொரு மார்க்கரில் மாட்டினால் வளைவு பக்கவாட்டிலோ கீழேயோ போய் நிற்கலாம். அப்போது குழாய் இருந்தும் பயனில்லை. கடைக்காரர் இதைச் சொல்லித் தருவது அபூர்வம்.

உயரழுத்தக் காற்று அடிப்படையிலேயே வேறு. டாங்க்குக்குள் 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ காற்று இருக்கும். டாங்க்கின் தலையில் உள்ள ரெகுலேட்டர் அதை 800 அல்லது 450 என்று ஒரே சீரான அழுத்தமாக இறக்கி மார்க்கருக்குக் கொடுக்கும். வெயிலோ குளிரோ, முதல் முறை சுட்டாலும் முந்நூறாவது முறை சுட்டாலும், மார்க்கருக்குப் போவது ஏறத்தாழ ஒரே அழுத்தம். டாங்க்கில் இருப்பது அந்த வெளியீட்டு அளவை நெருங்கும்போதுதான் வேகம் தளரும். எவ்வளவு மிச்சம் என்று மீட்டரைப் பார்த்தாலே தெரியும். சிஓ2-வில் அந்த வசதி கிடையாது. ஒரு துளி திரவம் இருக்கும்வரை அழுத்தம் அப்படியே இருக்கும் என்பதால் மீட்டர் எதையும் சொல்லாது, தராசில் வைத்து எடை பார்த்தால்தான் உண்டு.

சரி, அப்படியானால் சிஓ2 எதற்கு? இன்னும் அதற்கு இடம் இருக்கிறது. டாங்க் மலிவு, நிரப்பக் கம்ப்ரசர் தேவையில்லை. பெரிய சிலிண்டர் ஒன்றும் தராசும் இருந்தால் காட்டு நடுவிலும் நிரப்பலாம். டிப்மன் 98 கஸ்டம் போன்ற, பேட்டரி இல்லாமல் ஓடும் கெட்டியான மெக்கானிக்கல் மார்க்கர்களுக்கு அது ஒத்துவரும். ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்து ஆடும் பம்ப் மார்க்கர்காரர்கள் இன்றும் 12 கிராம் குப்பியில் சந்தோஷமாக ஆடுகிறார்கள். ஒருமுறை சுட்டு மறுமுறை சுடுவதற்குள் குப்பி சூடேற நேரம் கிடைப்பதால் அவர்களுக்குக் குளிர்ச்சிப் பிரச்சினை பெரிதாக வருவதில்லை. நிரப்புகிறவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. சிஓ2-வை அழுத்தம் பார்த்து அடைக்க முடியாது, எடை பார்த்துத்தான் அடைக்க வேண்டும். 20 அவுன்ஸ் டாங்க்கில் 20 அவுன்ஸுக்கு மேல் ஏற்றி, வெயிலில் நிற்கும் வண்டியில் போட்டால், பாதுகாப்புக்காக வைத்திருக்கும் மெல்லிய உலோகத் தகடு கிழிந்து மொத்தமும் வெளியேறும். அந்தத் தகட்டுக்கு பர்ஸ்ட் டிஸ்க் என்று பெயர். அது கிழிவது நல்லதுதான், கிழியாமல் போனால் டாங்க்கே வெடிக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிஓ2 டாங்க்குக்கும் காற்று டாங்க்குக்கும் மரை ஒன்றே. எந்த டாங்க்கும் எந்த மார்க்கரிலும் ஏறும், தடுக்க எதுவும் இல்லை. ஆனால் பேட்டரி போட்டு, சோலனாய்டு என்ற மின்வால்வால் இயங்கும் எலக்ட்ரானிக் மார்க்கர்களுக்கு சிஓ2 எமன். உள்ளே திரவம் புகுந்தால் சோலனாய்டின் நுண்ணிய சீல்கள் போய்விடும், அதை மாற்றும் செலவில் ஒரு நல்ல டாங்க் வாங்கலாம். எனவே எலக்ட்ரானிக் மார்க்கர் என்று முடிவு செய்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. காற்று மட்டும்தான்.

காற்று என்று முடிவான பிறகு எந்த அளவு டாங்க்? டாங்க்கின் மேல் 48/3000, 68/4500 என்று எழுதியிருக்கும். முதல் எண் கன அங்குலத்தில் கொள்ளளவு, இரண்டாவது அதிகபட்ச அழுத்தம். இரண்டையும் பெருக்கினால் ஒப்பிட்டுவிடலாம். 48-ஐ 3000-ஆல் பெருக்கினால் 1,44,000. 68-ஐ 4500-ஆல் பெருக்கினால் 3,06,000. இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல். மார்க்கரைப் பொறுத்து மாறினாலும், 48/3000-இல் சுமார் 400 முதல் 500 சூடு, 68/4500-இல் ஆயிரத்தை ஒட்டிய சூடு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 3000 டாங்க் பெரும்பாலும் அலுமினியம், 4500 டாங்க் உள்ளே மெல்லிய உலோகமும் வெளியே கார்பன் ஃபைபர் சுற்றும் கொண்டது. பெரியது கனமாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் அந்தச் சின்ன அலுமினிய டாங்க்தான் கையில் அதிகம் கனக்கும்.

அப்படியென்றால் எல்லோரும் 68/4500 வாங்கிவிடலாமே? இங்கேதான் நிரப்புகிற இடம் குறுக்கே வருகிறது. உங்கள் மைதானத்தில் இருப்பது 3000 வரை மட்டும் அடைக்கும் ஏற்பாடு என்றால், உங்கள் 4500 டாங்க்கில் மூன்றில் இரண்டு பங்குதான் ஏறும். 68-ஐ 3000-ஆல் பெருக்கினால் 2,04,000. அலுமினிய டாங்க்கை விட அப்போதும் அதிகம், எடையும் குறைவு. ஆனால் கொடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்கூபா நீச்சல்காரர்களின் பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்புபவர்களுக்கும் இதே எல்லைதான். அந்தச் சிலிண்டரில் பொதுவாக 3000 பிஎஸ்ஐ இருக்கும், ஒவ்வொரு டாங்க்கை நிரப்பும்போதும் அது இறங்கிக்கொண்டே வரும். முதலில் வந்தவருக்கு 3000-க்குச் சற்றுக் குறைவு, பத்தாவதாக வந்தவருக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஆளும் பேருமாகச் சேர்ந்து ஆடுகிற குழுவுக்கு இது பெரிய விஷயம். 4500-க்கு உண்மையாகவே அடைத்துத் தரும் இடம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கார்பன் ஃபைபர் எடுங்கள். இல்லையென்றால், மாதம் ஒருமுறை ஆடுபவருக்கு 48/3000 தாராளமாகப் போதும்.

நிரப்பும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வேகமாக அடைத்தால் காற்று சூடாகும், மீட்டர் 4500 காட்டும். டாங்க் ஆறியதும் 4000 பக்கம் வந்துவிடும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் சண்டைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அது வெறும் இயற்பியல். மெதுவாக அடைத்தால் நிறையவும் கொள்ளும், டாங்க்குக்குள் இருக்கும் சீலுக்கும் நல்லது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். காற்று அடைக்கும் முனையில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போடாதீர்கள். உயரழுத்தக் காற்று பாயும்போது அந்த எண்ணெய் டீசல் எஞ்சினுக்குள் நடப்பதுபோல் தானாகப் பற்றி எரியும். இறுக்கமாக இருக்கிறது என்று நல்ல எண்ணத்தில் எண்ணெய் விட்டு விபத்தை வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு.

ரெகுலேட்டர் 800-ஆ 450-ஆ என்ற கேள்விக்கு நீண்ட விவாதம் தேவையில்லை. டிப்மன் போன்ற பழைய பாணி மார்க்கருக்கு 800 வேண்டும், 450 கொடுத்தால் அது திணறும். இப்போது வரும் எலக்ட்ரானிக் மார்க்கர்களில் பல 450-இலேயே சீராக ஓடும், உள்ளே இருக்கும் ரெகுலேட்டருக்கும் சுமை குறையும். மார்க்கரின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதன்படி வாங்குங்கள்.

பழைய டாங்க் வாங்குகிறவர்களுக்குத் தேதிதான் முதல் சோதனை. டாங்க்கின் கழுத்திலோ லேபிளிலோ செய்த தேதி இருக்கும். அமெரிக்க விதிப்படி இந்த டாங்க்குகளைப் பொதுவாக 5 ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கார்பன் ஃபைபர் டாங்க்குகளின் ஆயுள் வழக்கமாக 15 ஆண்டு, அதற்குப் பிறகு சோதனையும் இல்லை, நிரப்பவும் கூடாது. வேறு நாட்டு முத்திரை உள்ள டாங்க் என்றால் கால அளவு மாறலாம், லேபிளில் உள்ளதைப் பாருங்கள். கால் விலைக்குக் கிடைக்கும் கார்பன் டாங்க்கின் தேதியில் 13 வருடம் ஓடியிருந்தால், நீங்கள் வாங்குவது இரண்டு வருடத்தை மட்டும்தான். ஃபைபர் இழை தெரியும்படி கீறல் இருந்தால் விலை பேசவே வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இனி சர்வீஸ். இதிலும் ஒப்பிட வேண்டியவை இருக்கின்றன: நாமே பார்ப்பது, மைதானத்திலோ கடையிலோ இருக்கும் மெக்கானிக்கிடம் கொடுப்பது, தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்புவது. என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு பிரச்சினை ஒரு ஓ-ரிங் விஷயம்தான். கசிவு எங்கே என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. டாங்க் மாட்டும் இடத்தில் சீறினால், டாங்க்கின் மூக்கில் உள்ள ஓ-ரிங் போயிருக்கும். அதன் அளவு எண் 015, கெட்டியான யூரிதேன் வகையாகக் கேட்டு வாங்கிப் பையில் பத்து போட்டு வையுங்கள். பேரல் வழியாகக் காற்று வந்தால், உருண்டையைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட்டின் ஓ-ரிங்கோ வால்வின் சீலோ காரணம். கைப்பிடிக்குள்ளிருந்து வந்தால் சோலனாய்டு பக்கம் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டும் இடம் தெரியவில்லை என்றால் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள், குமிழ் காட்டிக் கொடுக்கும். சற்று நேரம் சும்மா இருந்த பிறகு முதல் சூடு மட்டும் வேகம் குறைந்து வருகிறதா? போல்ட்டில் கிரீஸ் வறண்டிருக்கலாம்.

கிரீஸா ஆயிலா என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். டிப்மன் மாதிரி உள்ளே ஒரு சுத்தியல் முன்னும் பின்னும் ஓடும் மார்க்கருக்குச் சில சொட்டு மார்க்கர் ஆயில். போல்ட்டே வால்வாக வேலை செய்யும் ஸ்பூல் வகைக்கு ஓ-ரிங்குகளின் மேல் மெல்லிய பூச்சாக, அதற்கென்று வரும் கிரீஸ். வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயும், வண்டிக்குப் போடும் கிரீஸும் பக்கத்திலேயே வரக்கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சர்வீஸுக்குக் கொடுத்திருந்த என் மார்க்கர் பளபளவென்று திரும்பி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போல்ட் பாதியில் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஏதோ வண்டி கிரீஸை அள்ளி அப்பியிருக்கிறார்கள், ஓ-ரிங் ஒவ்வொன்றும் ஊறி உப்பியிருந்தது. அன்றிலிருந்து எந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும், என்ன கிரீஸ் போடுகிறீர்கள் என்று கேட்கிறேன், மாற்றிய ஓ-ரிங்குகளைத் திருப்பித் தரச் சொல்கிறேன், வேகமானியில் பத்து சூடு என் கண்முன் சுட்டுக் காட்டச் சொல்கிறேன். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அந்தப் பத்து எண்களுக்கு நடுவே பெரிய ஏற்ற இறக்கம் இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று அவரே சொல்லிவிடுவார்.

ஆக, துடைப்பது, கிரீஸ் போடுவது, ஓ-ரிங் மாற்றுவது, உருண்டையை நிறுத்திப் பிடிக்கும் சின்ன ரப்பர்களை மாற்றுவது, பேட்டரி பார்ப்பது இவையெல்லாம் உங்கள் கைவேலை. கையேட்டில் உள்ள பாகப் படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே துணிமேல் அடுக்கினால் முதல் முறையே வந்துவிடும். சோலனாய்டு, சர்க்யூட் போர்டு, தேய்ந்த வால்வு இருக்கை போன்றவற்றை மெக்கானிக்கிடம் விடுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் நிறுவனத்துக்கே அனுப்புவது நல்லது, காத்திருப்பு மட்டும் நீளும். மார்க்கர் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு பிரமாதமான மார்க்கரானாலும், அதன் சீல் செட் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் கிடைக்கவில்லை என்றால் நான் வாங்க மாட்டேன். மைதானத்தில் வாடகைக்கு விடும் மார்க்கர் எந்த மாடலோ, அதற்கு உதிரிபாகமும் கை பழகிய மெக்கானிக்கும் அங்கே கட்டாயம் இருக்கும். புதிதாக ஆரம்பிப்பவர் அதே மாடலை வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

வருடத்துக்கு மூன்று நான்கு முறை ஆடுபவர் டாங்க்கே வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். சோதனைத் தேதி அவர்கள் கவலை. மாதாமாதம் ஆடுபவருக்கு மெக்கானிக்கல் மார்க்கரும் 48/3000-உம். போட்டிக்குப் போகிறவருக்கு எலக்ட்ரானிக்கும் 68/4500-உம், கூடவே எல்லா ஓ-ரிங்கும் அடங்கிய ஒரு செட். கம்ப்ரசர் எட்டாத தொலைவில் ஆடுபவருக்கு சிஓ2, ஆனால் ஆன்டி-சைஃபன் இல்லாமல் வேண்டாம்.

டாங்க்கை மட்டும் யாரும் வீட்டில் பிரிக்கக் கூடாது. எதைப் பிரிப்பதற்கு முன்பும் பேரலுக்கு உறை போட்டு, உருண்டைகள் இருக்கும் ஹாப்பரைக் கழற்றி, டாங்க்கைக் கழற்றி, உள்ளே தங்கிய காற்றைச் சுட்டு வெளியேற்றுங்கள். டாங்க்கைக் கழற்றும்போது கண் ஓரிடத்தில் இருக்கட்டும். டாங்க் வால்வோடு சேர்ந்து சுழல வேண்டும். வால்வு மார்க்கரிலேயே நிற்க டாங்க் மட்டும் அதிலிருந்து சுழன்று கழன்றுவந்தால், அது ராக்கெட்டாகப் பறக்கும். இப்படி சிஓ2 டாங்க்கில் உயிரே போயிருக்கிறது. வால்விலிருந்து டாங்க்கின் தோள்வரை நகப்பூச்சால் ஒரு நேர்கோடு போட்டு வையுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் அந்த நொடியே திருகுவதை நிறுத்திவிட்டு, மார்க்கரையும் டாங்க்கையும் அப்படியே தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.